கற்பிக்காமற் சான்றிதழ் கேட்பது நீதியா?

நோய் தீர்க்கும் பொருளும் உயிர் போக்கும் பொருளும் ஒரே அலுமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இடம் மருந்துக் கடை. வைத்தியர் எழுதிய துண்டை வாங்கிப் படித்து, அந்த அலுமாரியைத் திறந்து, குளிசையை எண்ணி உறையிலிட்டு, "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் அங்கே நிற்கிறார். அவர் யார்? எங்கே கற்றார்? கற்றார் என்பதற்குச் சாட்சி யாது? நெல்லின் விலையையும் நிலத்தின் உறுதியையும் நூறு முறை விசாரிக்கும் நம் மக்கள், இந்த மூன்று வினாக்களையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை அண்மையில் தர்மபுரத்தில் உணர்ந்தோம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஊர் தர்மபுரம். காணி உறுதிகளும் பிறப்புச் சான்றுகளும் இழந்த குடும்பங்களுக்குச் சட்ட விளக்கம் கூறுவதற்காக அங்கே ஒரு மாலைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில் முதியவர் ஒருவர் எழுந்தார். நீரிழிவு நோயாளி. மெட்போமின் எழுதியிருந்த துண்டுக்கு மெட்றோனிடசோல் என்னும் கிருமி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். வீட்டில் மகள் உறையை வாசித்துப் பார்த்திராவிட்டால் தம் கதி என்னவாகியிருக்கும் என்று கேட்டார். "தம்பி, பஸ் ஓட்டுகிறவனுக்குப் பத்திரம் கேட்கிற அரசாங்கம், குளிசை எண்ணுகிறவனுக்கு ஏன் கேட்பதில்லை?" என்றார். கூட்டம் கைதட்டியது.

கைதட்டல் அடங்குமுன் பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் கற்றவள். பல்கலைக்கழகத்திற்குச் சில புள்ளிகள் போதாமையால் வீட்டில் நின்றவள். மூன்று ஆண்டுகளாக ஒரு மருந்துக் கடையில் உதவியாளாக வேலை செய்கிறாள். "ஐயா, பெரியவர் சொல்வது சரி. பத்திரம் எடுக்க நான் ஆயத்தம். அதை எங்கே கற்பிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள். இந்த முறை எவரும் கைதட்டவில்லை. எம்மிடமும் விடை இருக்கவில்லை.

முதியவரின் வினாவும் இளம்பெண்ணின் வினாவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டுக்கும் சேர்த்து விடை காண்பதே நீதி. முதலாவதற்கு மட்டும் விடை கண்டு இரண்டாவதை மறந்த சட்டங்களாலேயே இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் வாயிலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

மேல்நாடுகளில் இவ்விஷயம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலிற் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருந்தாளரின் கீழ் வேலை செய்யும் தொழில்நுட்ப உதவியாளருக்கெனத் தேசிய அளவிலான சான்றிதழ்ச் சபையொன்று 1995ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சில மாநிலங்கள் இச்சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ளன. சில பதிவை மட்டும் கேட்கின்றன. மருந்தியற் பட்டம் படிக்க வரும் மாணவர் முன்னதாகவே இத்தகைய சான்றிதழோ கடை அனுபவமோ பெற்றிருத்தல் வேண்டுமா என்பது அங்குள்ள கல்லூரிகளில் ஆராயப்படும் வினா. பிரித்தானியாவில் 2011 ஜூலை முதல் பதிவு பெறாத எவரும் மருந்தகத் தொழில்நுட்பவியலாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ள முடியாது. அண்டை நாடான இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்தின் கீழ் ஈராண்டு டிப்ளோமாப் படிப்பும் அதன்பின் 500 மணிநேர நேரடிப் பயிற்சியும் உண்டு. அந்த டிப்ளோமா பெற்றவர் விரும்பினால் மருந்தியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு. இக்கடைசிச் செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். அங்கே சிறிய சான்றிதழ் பெரிய படிப்புக்கு ஒரு படியாக அமைந்திருக்கிறது.

மருந்தியல் கற்க வருவோர், கற்கத் தொடங்குமுன் மருந்துக் கடையின் அடிப்படை வேலையைக் கற்றுச் சான்று பெற்றிருத்தல் நல்லதா என்று எம்மைக் கேட்டால், நல்லதே என்போம். ஒரே ஓசையுள்ள பெயர்கள் இரண்டு அடுத்தடுத்து இருப்பதன் ஆபத்து விரிவுரை மண்டபத்திலும் சொல்லித் தரப்படும். ஆனால் அது கையிற் பதிவது மேசையின் பின்னால் நின்ற பிறகேதான். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேற் என்னும் குளிசையை வாரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டும். நாள்தோறும் என்று பிழையாக எழுதிக் கொடுத்தால் ஆளையே கொல்லும். இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் வைத்திருத்தல் வேண்டும். வன்னியின் வைகாசி வெயிலில், மின்சாரம் நின்று நின்று வரும் ஓர் ஊரில், அதைக் காப்பது நூலறிவு மட்டும் உடையவரால் ஆகும் காரியமன்று. குழந்தைக்குரிய பாணி மருந்தின் அளவைத் தேக்கரண்டியாற் சொல்வதா, மில்லிலீற்றராற் சொல்வதா என்னும் சிறு விஷயத்திலே ஒரு குழந்தையின் ஈரல் அடங்கியிருக்கிறது. இவற்றைக் கற்றவர் வேண்டும். கற்றார் என்பதற்குச் சான்றும் வேண்டும்.

ஆயின் நம் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருந்தாளரைப் பதிவு செய்வதற்கு வழி வகுத்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம், 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி அதனிடத்தில் வந்தது. மருந்துக் கடை நடத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும், அங்கே பதிவு பெற்ற மருந்தாளர் இருத்தல் வேண்டும் என்பது நெறி. நல்ல நெறி. ஆயினும் மேசையின் பின்னால் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் உதவியாளருக்கென்று மருத்துவச் சபையில் ஒரு பதிவேடு இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரிவதே இல்லை. தெரியாத ஒருவருக்குப் பயிற்சி ஏது, சான்றிதழ் ஏது?

மருந்தாளராவதற்குப் பெரும்பாலும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. அதற்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே திறவுகோல். ஒரு பிள்ளை கடையில் மூன்று ஆண்டு நின்றாளா முப்பது ஆண்டு நின்றாளா என்று அந்தப் புள்ளி கேட்பதில்லை. மற்றையது தொழில் பழகும் வாயில். பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையில் தேறித் தேர்ச்சிச் சான்றிதழ் பெறுதல். வசதியற்ற பிள்ளைக்கு இந்த வாயிலே ஏற்றது போலத் தோன்றும்.

தோன்றும் என்றே சொல்கிறோம். பயிலுநராகச் சேர ஒரு மருந்தாளர் வேண்டுமன்றோ? மருந்தாளர் நிறைந்த கொழும்பிலும் கண்டியிலும் ஒரு பிள்ளை தெருவைக் கடந்தால் ஆசான் கிடைப்பார். கண்டாவளையிலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள பிள்ளை யாரிடம் போவாள்? மருந்தாளர் குறைந்த இடத்திற் பயிலுநர் உருவாவதில்லை. பயிலுநர் உருவாகாத இடத்தில் நாளை மருந்தாளரும் இரார். கிணறு வெட்டத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கிணறு வேண்டும் என்ற கதை இது. இந்த வட்டத்தை வெளியிலிருந்து ஒரு கை வந்து உடைத்தாலன்றி அது தானாக உடையாது. அந்தக் கை அரசின் கையாகவே இருத்தல் வேண்டும்.

இந்த நிலையில், 'மருந்தியல் கற்க வருவோர் முன்னரே உதவியாளர் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும்' என்று நாளை ஒரு சுற்றறிக்கை வருகிறது என வைத்துக்கொள்வோம். தலைநகரிலுள்ள பிள்ளை பள்ளி விட்டபின் மாலை வகுப்பிற் சேர்ந்து ஆறு மாதத்தில் அதைப் பெற்றுவிடுவாள். தர்மபுரத்துப் பிள்ளைக்குப் பஸ் செலவு, தங்குமிடச் செலவு, வகுப்புக் கட்டணம், அந்த ஆறு மாதமும் வீட்டுக்கு வராத கூலி என நான்கு செலவு. விதி ஒன்றேதான், சுமை ஒன்றன்று.

பல்கலைக்கழக வாயிலில் நம் மக்கள் பட்ட பாட்டை மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் மொழியை அளவுகோலாகக் கொண்டு வெவ்வேறு வெட்டுப்புள்ளி வகுத்த தரப்படுத்தல், ஒரு தலைமுறையின் நெஞ்சில் மாறாத வடுவை இட்டது. அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் வன்னி மாவட்டங்களின் பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுத்த முறையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்பட்டு வந்தன. பின்தங்கியவை என்று ஒரு பத்திரத்தில் எழுதி இடம் ஒதுக்கிவிட்டு, மற்றொரு பத்திரத்தில் அந்த மாவட்டங்களிற் கிடைக்காத சான்றிதழைக் கேட்பது, வலக்கையாற் கொடுத்ததை இடக்கையாற் பறிப்பதாகும்.

சட்டம் கற்றோர் ஒரு தடை எழுப்பக்கூடும். அரசியலமைப்பின் 14(1)(எ) உறுப்புரை எந்தச் சட்டபூர்வமான தொழிலையும் செய்யும் சுதந்திரத்தைப் பிரசைகளுக்கு அளிக்கிறது. ஆனால் 15(5) உறுப்புரை, தொழிலுக்கு வேண்டிய தகைமைகளை விதித்து அச்சுதந்திரத்தைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. ஆகவே சான்றிதழ் கேட்பது சட்டத்துக்கு மாறானதன்று என்பர். மெய்யே. தகைமை விதிக்கும் அதிகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதே அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றும் சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு யாவரும் உரித்துடையர் என்றும் கூறுகிறதே. தகைமையை எல்லோரிடமும் கேட்டு, அதைப் பெறும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், சமத்துவம் என்னும் சொல் தாளில் இருக்கும், தர்மபுரத்தில் இராது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உதவியாளர் பயிற்சியைத் தமிழிற் கற்பித்தல் இயலாது, இது ஆங்கில வித்தை என்பாரும் உளர். அவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டுவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்கள் ஆக்குவித்து, தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மின்விளக்கும் இல்லாத காலத்தில், தமிழில் முழு வைத்தியமும் கற்பிக்க முடிந்தது. இன்று தமிழில் ஒரு மருந்துத் துண்டை எப்படி வாசிப்பது, குளிசையை எப்படி எண்ணுவது, நோயாளிக்கு எப்படி விளக்குவது என்று கற்பிக்க முடியாதா? மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிதல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அதை வாங்கிச் செல்லும் ஆச்சிக்குத் தமிழில் விளங்கச் சொல்லத் தெரியாதவர், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் வன்னியில் அரைத் தகைமை உடையவரே.

தர்மபுரம் மருந்தின் அருமையைப் பிறர் சொல்லி அறிய வேண்டிய ஊரன்று. கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2ஆம் நாள் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னுமான வாரங்களில், ஓடி ஓடி வந்த மக்கள் தங்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. காயப்பட்டோர் பெருகினர், மருந்து அருகியது. பயிற்சி பெற்றோரோடு பயிற்சி பெறாதோரும் கைகொடுத்தே அன்று உயிர்களைக் காத்தனர். பின்னர் 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. தேர்ச்சி பெற்றோர் பலர் கடல் கடந்தனர். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்கே வந்து சேர்ந்த அவலம் நாட்டையே உலுக்கியது. மேலே இருப்போர் தவறும்போது கடைசியாக நின்று தடுக்கக்கூடியவர், பெட்டியைத் திறக்கும் மனிதரே. அவரைக் கற்றவராக்குவது அரசின் தயவு அன்று, கடமை.

அரசை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. மருந்தாளரின் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கிச் சுவரிலே தொங்கவிட்டு, மேசையிலே பள்ளி விட்ட சிறுவனை நிறுத்தும் வழக்கம் இந்நாட்டில் எவரும் அறியாத இரகசியமன்று. அதைச் செய்வோரில் தமிழர் இல்லையா? மேடையில் இன உரிமை பேசிவிட்டுக் கடையில் இனத்தின் உயிரோடு விளையாடுவதை எந்தப் பெயரால் அழைப்பது? சான்றிதழை வாடகைக்கு விடும் மருந்தாளருக்கும் சொல்கிறோம்: சுவரில் தொங்குவது உமது பெயர். அந்தக் கடையில் ஒருவர் பிழையான குளிசையை விழுங்கினால், அந்தப் பிழையும் உம் பெயரிலேயே எழுதப்படும். அந்தப் பெயரோடு நீரும் கடையிலே நின்று, இரண்டு பிள்ளைகளைப் பயிலுநராகச் சேர்த்துக் கற்பித்திருந்தால், மேலே சொன்ன வட்டம் இன்று பாதியளவேனும் உடைந்திருக்கும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை.

முதலாவது, மருந்தக உதவியாளருக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் ஒரு பதிவேடும் வேண்டும்.

இரண்டாவது, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையோடு இணைந்த பயிற்சி நிலையமொன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நிறுவப்படல் வேண்டும். பொறியியலுக்கும் விவசாயத்துக்கும் அறிவியல்நகரில் இடம் கண்ட பல்கலைக்கழகம், இதற்கும் ஒரு கூரை காண இயலாததன்று.

மூன்றாவது, பயிற்சியும் பரீட்சையும் தமிழிலும் நடைபெறல் வேண்டும். பயிலும் காலத்தில் வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கப்படல் வேண்டும்.

நான்காவது, போரில் ஆவணம் இழந்தோரும் பல ஆண்டு கடையில் நின்றோரும், தம் அனுபவத்தைச் செய்முறைப் பரீட்சையால் நிறுவ வழி வேண்டும்.

ஐந்தாவது, அந்தச் சான்றிதழ் பெற்றவர் மருந்தாளர் பட்டத்துக்கு ஏறிச் செல்ல, இந்தியாவில் உள்ளது போன்ற ஒரு படி வகுக்கப்படல் வேண்டும்.

இவ்வைந்தும் நிறைவேறிய பின்னர், மருந்தியல் கற்க வரும் ஒவ்வொரு மாணவரும் முன்னரே சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதியுங்கள். அந்த விதியை முதலில் வரவேற்று எழுதும் பத்திரிகை எமதாகவே இருக்கும். இவற்றுள் ஒன்றையேனும் செய்யாமல் விதியை மட்டும் கொணர்ந்தால், அதை முதலில் எதிர்ப்பதும் எமது பத்திரிகையே.

சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்குரிய விடயம் என்கிறது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம். வடக்கு மாகாண சபையோ 2013இல் முதன்முறை தெரிவாகி, 2018 ஒக்டோபரிற் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநர் ஆட்சியிலேயே கழிந்தன. ஒரு மருந்துக் கடை உதவியாளரின் பயிற்சிக்கும் மாகாண சபைத் தேர்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இதைச் சிந்திக்கட்டும். தன் ஊரின் தேவையைத் தானே தீர்மானிக்கும் உரிமை என்பது கொடியிலும் கோஷத்திலும் முடிவதன்று. அது தர்மபுரத்தில் ஒரு குளிசை உறையின் மேல் எழுதப்படும் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்னும் எழுத்து வரையிலும் வந்து சேரும்.

அந்த முதியவர் கேட்டது பாதுகாப்பு. அந்த இளம்பெண் கேட்டது வழி. முதியவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்போகிறவள் அதே இளம்பெண்தான் என்பதை ஆட்சியாளர் உணரட்டும். அவளுக்கு வழியைக் கொடுங்கள். சான்றிதழை அவளே கொண்டுவந்து காட்டுவாள்.